எண்ணூற்றுப் பன்னிரண்டு

மாதம் பிறந்த முதல் நாள், விடிவதற்குள்,
நகர வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து
எண்ணூற்றுப் பன்னிரண்டு டாலர் என் கணக்கில் விழும்.
பனிப்புயல் அடித்தாலும் விழும்.
ரெனெட்டா தரவேண்டியது நூற்று முப்பத்தெட்டு.
அது மட்டும் மாடிப்படி இறங்கி வரப்
பத்து நாளாகும்,
சில மாதம் இருபது.

கீழ்வீட்டில் நான். மேலே அவள், இரண்டு பிள்ளைகள்.
பஃபலோவின் கிழக்குப் பக்கம்
அப்பா வாங்கிப்போட்ட மரவீடு,
மேலே தும்மினால் கீழே விளக்கு ஆடும்.
நாற்பது வருஷம் மாவு மில் இரைச்சலில் நின்ற காதுதான் என்னுடையது.
ஆனாலும் தலைக்கு மேல் நடப்பவர்களை
அதற்கு எண்ணத் தெரியும்.

நவம்பரில் நான்காவது நடை ஒன்று சேர்ந்தது.
கனமான நடை. இரவு இரண்டு மணிக்கு
விளக்கைப் போடாமல் குளியலறை போய்த் திரும்பும் நடை.
ஒப்பந்தத்தில் மூன்று பெயர்தான்.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன்:
சவர பிளேடு,
பெரிய பூட்ஸ் ஒன்றின் அட்டைப்பெட்டி.

கடிதம் எழுதினேன்.
‘அனுமதியின்றித் தங்கியிருக்கும் நபர்’
என்ற சொற்கள் அலுவலகப் படிவத்திலேயே இருந்தன, நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி,
மைக்ரோவேவ் மேல் வைத்தேன்.
தபால்பெட்டி நாற்பதடி தூரம்.
பனியின் மேல் பழியைப் போட்டேன்.

ஜனவரியில் வந்தார் ஆய்வாளர் ஆஸ்ட்ராண்டர்,
காலணிக்கு நீல உறை மாட்டிக்கொண்டு.
நானும் பின்னாலேயே ஏறினேன்,
என் தரப்பு வக்கீல் நானேயாக.
அடுப்பு, சரி.
புகைமணி, கத்தியது, சரி.
பிள்ளைகள் அறையின் ஜன்னலைத் தூக்கினார்;
விட்டதும் அவர் விரலோரம் கத்தியாய் இறங்கியது அது.
கயிறு அறுந்து எத்தனை நாள் என்றார்.
நான் ரெனெட்டாவைப் பார்த்தேன்.
அவள் ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.
அதன் கதவில், எலுமிச்சைக் காந்தத்துக்குக் கீழே,
‘திரு. டூடெக் அவர்களுக்கு’ என்று தொடங்கும்
மூன்று சீட்டின் நகல்கள்:
ஆகஸ்ட். செப்டம்பர். அக்டோபர் இருபது.
அவள் கைகூட நீட்டவில்லை.

முப்பது நாள் கெடு.
தவறினால் எண்ணூற்றுப் பன்னிரண்டு நின்றுபோகும்.

பிறகு அவர் கண் சோபாவின் பின்பக்கம் போனது.
மடக்குக் கட்டில். அதன்மேல் போர்வை,
சிறையில் பழகியவர்கள் மடிப்பதுபோல்
சதுரமாய், விளிம்பு விலகாமல்.
“இதில் யார்...”
“கட்டில் என்னுடையது,” என்றேன். “கீழே இடமில்லை.”
வாய் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

சனிக்கிழமை துணி உலர்த்தும் கயிற்றோடு மாடி ஏறினேன்.
சட்டத்தைக் கழற்றித் தோளில் தாங்கினேன், தோள் ஒத்துழைக்கவில்லை.
கதவு மறைவிலிருந்து வந்து
அவன் மறுமுனையைப் பிடித்தான்.
அவள் அண்ணன்; அதே நெற்றி.
“இந்தக் கயிறு ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது,” என்றான்,
கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்
வேறு வாங்கி வந்தான்.
சுவருக்குள் தொங்கிய இரும்பு எடையைக் கட்டும்போது
“என் பெயர்...” என்று ஆரம்பித்தான்.
சொல்லாதே என்றேன்.
தெரியாத பெயரைப் படிவத்தில் எழுத முடியாது.

இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.
அன்றிரவே கணக்குப் போட்டேன்:
அவளை அனுப்பினால் மூன்று மாதம் வீடு காலி,
பெயிண்ட், வழக்குச் செலவு.
இரக்கப்பட்டிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும்.
எது எதைப் பார்த்து எழுதியது என்று
இந்த வயதில் யார் கண்டுபிடிப்பது?

கடிதம் இன்னும் மைக்ரோவேவ் மேல்தான்.
கிழிக்கவுமில்லை.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி
கதவடியில் ஓர் உறை.
நூற்று இருபத்தேழு டாலர்,
கூடவே கடை ரசீது: ஜன்னல் கயிறு, பதினொன்று.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.